கோரை வந்த புல்தரை

ஆறேழு வயதில் வயலில் இறங்கியவள் நான். எனக்குத் தெரிந்த வேலை களையெடுப்பு. அருகம்புல்லைக் கண்டால் யோசிக்க மாட்டேன். கை தானே போய்ப் பிடுங்கிவிடும். அப்படிப்பட்ட கையை நம்பித்தான் ஓவர்சியர் ஐயா தன் வீட்டு முன்னால் அருகம்புல் வளர்க்கச் சொன்னார்.

இரண்டாம் உலகச் சண்டைக்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி இது. ராயப்பன்பட்டிக்கு மேற்கே, வயல்காடு தொடங்குகிற இடத்தில் ஐயா வீடு கட்டியிருந்தார். மலைமேல் அணைக்கட்டுப் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்று வந்தவர். அங்கே துரைமார் பங்களாவுக்கு முன்னால் புல்தரை இருக்குமாம். சாயங்காலம் அதில் நாற்காலி போட்டு உட்காருவார்களாம். ஐயா முப்பது வருஷம் அந்தப் புல்தரை ஓரத்தில் நின்று பதில் சொன்னவர். தன் வீட்டில் தானும் அப்படி உட்கார வேண்டும் என்று ஆசைப்பட்டார். அதில் தப்பில்லை.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. வீட்டுக்காரர் மலைக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளை இல்லை. அண்ணன் வீட்டில் இருந்தேன். மதினி கெட்டவள் இல்லை, வாய்தான் நிற்காது. படுக்கை மாட்டுக் கொட்டடி ஓரத்தில்.

ஐயா வீட்டுக் கிணற்றடியில் ஓடு போட்ட சாய்ப்பு அறை ஒன்று இருந்தது. தோட்ட வேலைக்கு வந்தால் அது எனக்கு என்றார்கள். போய்ப் பார்த்தேன். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது. போட்டுப் பார்த்தேன், சரியாக விழுந்தது. சரி என்று சொல்லிவிட்டேன்.

வரப்புகளில் அருகைக் கொத்திக் கொண்டுவந்தேன். விரல் நீளத்துக்கு நறுக்கி, நெல் நாற்று மாதிரி வரிசை பிடித்து நட்டேன். நீளம் முப்பது முழம், அகலம் இருபது முழம். வயலுக்குப் போகிற பெண்கள் வேலிக்கு வெளியே கூடி நின்றார்கள். முன்னால் நின்றது என் மதினி.

"ஏ, இங்கன பாருங்கடி. நம்ம புடுங்கிப் போட்ட களையப் பொறுக்கி நட்டுக்கிட்டிருக்கா."

"எதுக்காம்? மாட்டுக்கா?" என்றாள் ஒருத்தி.

"மாட்டுக்கு இல்லடி. ஓவர்சியர் ஐயா மேயப் போறாக."

சிரித்துக்கொண்டே போனார்கள். நான் நிமிரவில்லை. நிமிர்ந்தால் வரிசை கோணும்.

புல் பிடித்துக்கொண்டது. ஆட்டு மயிர் வெட்டுகிற கத்தரி ஒன்று ஐயா வாங்கிக் கொடுத்தார். குத்தவைத்துப் பின்னால் நகர்ந்து நகர்ந்து வெட்டுவேன். விடிந்ததும் மாங்கன்றுகளுக்குத் தண்ணீர். பெரியகுளத்திலிருந்து வந்த ஒட்டுக் கன்று ஆறு. ஆடிக் காற்று இந்தப் பள்ளத்தாக்கில் லேசில் விடாது. ஒவ்வொரு கன்றுக்கும் இரண்டு பக்கம் முட்டுக் கொடுத்து வாழை நாரால் கட்டினேன். அப்புறம் பூப்பாத்தி. இரண்டில் ரோஜா, ஒன்றில் கனகாம்பரம். ஐயாவின் மனைவியை அம்மா என்றுதான் கூப்பிடுவோம். அவர் சனிக்கிழமை தோறும் அந்தப் பூவை மாதா கோயில் பீடத்துக்கு அனுப்புவார்.

இரண்டாம் வருஷம் சித்திரையில் புல் வெளுத்தது. கண்மாய் வற்றி வண்டல் அள்ளுகிற சமயம். எங்களுக்கு வண்டலுக்கு மேல் ஒரு உரம் கிடையாது. ஐயா மகனைப் பார்க்க மதுரை போயிருந்தார். நானே வண்டிக்காரரிடம் சொல்லி இரண்டு வண்டி வண்டல் இறக்கினேன். கட்டி உடைத்து, புல்லின் மேல் விரல் கனத்துக்குப் பரப்பித் தண்ணீர் விட்டேன். மீதியைப் பூப்பாத்தியில் போட்டேன். பத்து நாளில் புல் கருகருவென்று எழுந்தது. ஐயா வந்து பார்த்துத் தலையாட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆனியில் சாரல் விழுந்தது. ஒரு காலை புல் வெட்டும்போது விரலில் ஒரு தண்டு இடித்தது. உருட்டிப் பார்த்தேன். மூன்று பட்டை. அருகுக்குத் தண்டு உருண்டையாக இருக்கும். மூன்று பட்டை என்றால் கோரை.

தேடினேன். எங்கும் இருந்தது.

வண்டலோடு கோரைக் கிழங்கு வரும். வயலில் அதை யாரும் பேசுவதே இல்லை. அங்கே மாதக் கணக்கில் தண்ணீர் நிற்கும், கிழங்கு அடங்கிவிடும். இது மேட்டுத் தரை. அந்த யோசனை எனக்கு வரவில்லை.

பிடுங்கினேன். தலை வந்தது, கிழங்கு உள்ளே நின்றது. ஒன்று போன இடத்தில் மூன்று வந்தது. பிறகு இதையும் வயலாக்கிவிடலாம் என்று தோன்றியது. சுற்றி வரப்புக் கட்டி மூன்று நாள் கிணற்றிலிருந்து இறைத்து ஊற்றினேன். உள்ளங்கைத் தோல் உரிந்தது. செம்மண் தரை. சாயங்காலம் நின்ற தண்ணீர் காலையில் இல்லை. அருகு மஞ்சளாகிப் படுத்தது. கோரை குடித்துவிட்டு ஒரு சாண் நிமிர்ந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் ஐயா செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் கால் வைத்தார். நின்றுவிட்டார்.

"என்ன புள்ள இது? லானா, கோரைக் காடா?"

நான் குனிந்து ஒரு கோரையைப் பிடுங்கினேன்.

"அந்த வண்டிக்காரப் பய ஏமாத்திட்டான். வரட்டும், வச்சுக்கிறேன்."

"வண்டிக்காரர் மேல தப்பில்லைங்கய்யா. வண்டல் நான் கேட்டது. அவுக கொண்டாந்து போட்டாக, அம்புட்டுத்தான்."

"நீ கேட்டியா? யாரைக் கேட்டுக் கேட்ட?"

"யாரையும் கேக்கலைங்கய்யா."

ஐயா திரும்பிப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார். பிறகு, "கிறிஸ்மஸுக்கு மகன் கூட்டாளிகளோட வாரான். அதுக்குள்ள கோரை போகணும். போகலைன்னா பூராத்தையும் செங்கல் பாவிருவேன். செங்கல்லுக்குத் தண்ணி ஊத்த ஆள் வேண்டியதில்ல, தெரியுமில்ல?" என்றார்.

தெரிந்தது. ஆள் இல்லை என்றால் அறையும் இல்லை.

மறு வாரம் செங்கல் வந்து இறங்கியது. என் அறைக்கு எதிரே ஆள் உயரத்துக்கு அடுக்கினார்கள். அப்புறம் தினமும் கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான். ஒருவகையில் நல்லதுதான்.

உட்கார்ந்து யோசித்தேன். கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறது. மண்ணைப் பார்த்தால்தான் உண்டு. புல்தரையை முழத்துக்கு முழம் கட்டமாக வெட்டுவது, அருகைப் பாய் மாதிரி எடுத்து ஓரம் வைப்பது, கீழே ஒரு சாண் ஆழம் தோண்டுவது, மண்ணைச் சலிப்பது, கிழங்கைப் பொறுக்குவது, மண்ணைப் போட்டு அருகைத் திரும்ப வைத்து மிதிப்பது. முப்பதுக்கு இருபது என்றால் அறுநூறு கட்டம். ஒரு நாளைக்கு ஐந்து முடித்தால் கிறிஸ்மஸுக்கு முன்னால் முடியும். எனக்குப் பெருக்கல் கணக்குத் தெரியாது. சிஸ்டர்மார் பள்ளியில் இரண்டாம் வகுப்போடு நின்றவள். கூழாங்கல் அடுக்கி எண்ணிப் பார்த்தேன்.

சல்லடை வேண்டும். மாவுச் சல்லடைக்கு மண் தாங்காது. செங்கல் பாவ அளவெடுக்க வந்த கொத்தனாரிடம் மணல் சலிக்கிற சல்லடை கேட்டேன்.

"எதுக்கு தாயி?"

சொன்னேன்.

"நல்லாருக்கே! எம் பொழப்பக் கெடுக்க எங்கிட்டயே சல்லடை கேக்குறியா?"

"தர முடியும்னா தாங்க."

"தாரேன், தாரேன். அறுபது கட்டம் தாண்டமாட்ட. அப்ப நானே வந்து வாங்கிக்கிறேன்."

ஓரத்தில் தொடங்கினேன். தண்ணீர் ஊற்றுவது, பாத்தி கொத்துவது எல்லாம் முடித்துவிட்டுக் களைக்கொத்தை எடுப்பேன். கிழங்கு தனியாக இருக்காது. ஒன்றிலிருந்து கறுப்பு நூல் மாதிரி ஒரு வேர் போகும், அதன் முனையில் இன்னொன்று. நூல் அறுந்தால் அடுத்தது எங்கே என்று தெரியாது. அதனால் இழுக்கக் கூடாது. விரலால் மண்ணை விலக்கிக்கொண்டே போக வேண்டும். முதல் வாரம் ஒரு நாளைக்கு மூன்று கட்டம்தான் ஆனது. பிறகு கை பழகி ஆறு ஏழு வந்தது. மாங்கன்றுப் பக்கம் வேர் ஓடியிருந்த இடத்தில் கொத்தை விட்டுவிட்டு ஒரு குச்சியால் கிண்டினேன்.

பொறுக்கின கிழங்கை எருக்குழியில் போடவில்லை. போட்டால் திரும்ப வரும். கிணற்று மேடையில் காயப் போட்டேன். வாசம் வீட்டுக்குள் போனது. அம்மா வந்து ஒரு கை அள்ளி முகர்ந்தார்.

"குளிக்கிற பொடிக்கு இதத்தான கடையில வாங்குறோம்? இனிமே எனக்குக் குடு."

அன்றிலிருந்து கூடை உள்ளே போனது. ஐயா கூடையைப் பார்ப்பார்.

ஆவணியில் ஒரு நாள் மதினி வேலியைத் தாண்டி உள்ளே வந்தாள். இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.

"பைத்தியம் புடிச்சிருச்சா ஒனக்கு? ஊரு கண்மாயில உள்ள கோரைய எல்லாம் நீயே சலிக்கப் போறியா?"

"இந்தத் தரையில உள்ளது மட்டுந்தான் மதினி."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். சல்லடையை இழுத்து வைத்துக்கொண்டாள்.

"கூலி கெடையாது மதினி."

"ஒங்கிட்ட யாரு கேட்டா? நீ திரும்பி வந்தா படுக்க எங்கன எடம் இருக்கு? அங்கன இப்ப சினை மாடு கட்டியிருக்கு. அதுக்காகத்தான்."

வயல் வேலை இல்லாத நாளெல்லாம் வந்தாள். வாய் நிற்கவில்லை. கையும் நிற்கவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஈர மண் சல்லடையில் இறங்காது. இருபது நாள் வேலை நின்றது. முடித்த கட்டங்களில் மட்டும் தினமும் கையால் தடவிப் பார்த்தேன். நாலைந்து இடத்தில் முப்பட்டை தட்டியது. அந்தக் கட்டங்களைத் திரும்ப எடுத்தேன். மழை விட்டதும் போன நாளைப் பிடிக்க விடியும் முன்பே இறங்கினேன். ஞாயிறு பூசைக்கு மட்டும் போய்வந்தேன். முழங்கால் காய்த்துப் போய், கோயிலில் முழந்தாளிடுவது சுலபமாக இருந்தது.

கிறிஸ்மஸுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது கடைசிக் கட்டத்தை மிதித்தேன். மறுநாள் கொத்தனார் நூலும் கரண்டியுமாக வந்து நின்றார். ஐயா சொல்லி அனுப்பியிருந்தார். எனக்குத் தெரியாது.

ஐயா செருப்பைக் கழற்றினார். பனி காயாத புல்லில் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடந்தார். திரும்பி இன்னொரு வரிசை நடந்தார். நாலாவது வரிசையில் குனிந்தார்.

"இது என்ன?"

போய்ப் பார்த்தேன். ஒரு கோரை. விரல் உயரம்.

கொத்தனார் தொண்டையைக் கனைத்தார். நான் கொத்தை எடுத்துவந்து அந்தக் கட்டத்தைக் கிளப்பினேன். மண்ணை விலக்கினேன். ஒரு கிழங்கு, அதிலிருந்து நூல், நூல் முனையில் இன்னொன்று. அறாமல் எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். குழியை மூடி, அருகை வைத்து மிதித்தேன்.

"நாளைக்கு இன்னொண்ணு வந்தா?" என்றார் ஐயா.

"அதையும் எடுப்பேங்கய்யா."

"அடுத்த வருசம் வந்தா?"

"அப்பயும் இங்கன இருந்தா எடுப்பேன்."

ஐயா என் கையைப் பார்த்தார். கொத்தனார் பக்கம் திரும்பினார்.

"ஏலே, நம்ம மாட்டுக் கொட்டம் தரை குண்டும் குழியுமா கெடக்கு. செங்கல்ல அங்கன பாவு."

"சரிங்கய்யா." கொத்தனார் நூலைச் சுருட்டிக்கொண்டு என் பக்கம் வந்தார். "சல்லடையக் குடு தாயி. கொட்டத்துக்கு மணல் சலிக்கணும்."

"நாளைக்குத் தாரேன்."

"இன்னும் என்ன?"

நான் ஐயாவிடம் சொன்னேன். "ஐயா, செங்கல்ல ஒரு நூறு கல்லு எனக்கு விடுங்க. புல்லுக்கும் பூப்பாத்திக்கும் நடுவுல குத்துக் கல்லாப் பதிக்கணும். அந்த வண்டல்ல மீதிய பாத்தியிலதான் போட்டேன். அதுல கோரை அப்படியே கெடக்கு. இந்தப் பக்கம் வந்துரும்."

ஐயா சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். "எடுத்துக்க" என்றார்.

என் கதவுக்கு எதிரே இருந்த அடுக்கிலிருந்து ஒவ்வொரு கல்லாக எடுத்துவந்து இறக்கினேன். பிறகு சல்லடையைத் தூக்கிக்கொண்டு ரோஜாப் பாத்தியில் உட்கார்ந்தேன்.