கோர்ட்டுச் சட்டை

கணவரை இடப்பக்கமாகச் சாய்த்து, வெந்நீரில் பிழிந்த துணியால் எமில்டா முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இடுப்புக்குக் கீழே தோல் சிவந்திருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. வீங்கிய கணுக்காலை அழுத்தினாள். விரல் பதிந்த குழி மேலெழும்பவில்லை. நோட்டை எடுத்து நேரம், நாடி, மூத்திர அளவு எல்லாம் எழுதினாள். நர்ஸ் பயிற்சி முடித்துப் பதினெட்டு வருஷம் வீடுவீடாகப் போய் நோயாளி பார்த்த பழக்கம்.

மனுவேல் தோணியில் மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோனவர். நான்கு வருஷத்துக்கு முன் டீசல் திருட்டு விசாரணை என்று ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார்கள். மூன்றாம் நாள் ஆட்டோவில் கொண்டுவந்து வாசலில் இறக்கினார்கள். டீசலை எடுத்தவன் பிறகு வேறிடத்தில் பிடிபட்டான். மனுவேலின் இடுப்பும் சிறுநீரகமும் தேறவே இல்லை. ஆஸ்பத்திரிச் சீட்டை வைத்து எமில்டாதான் வழக்குப் போட்டாள்.

உள்ளே நடந்ததை அவர் அவளிடம் சொன்னதில்லை. “ஒரு தடவைதான் சொல்ல முடியும் ஏளா. அதை ஜட்ஜுகிட்டச் சொல்லிக்கிடுதேன்” என்பார். அதற்கென்று வாங்கிய வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாமல் அலமாரியில் இருந்தது. அவளும் துருவவில்லை.

அன்று வக்கீல் அனுசியா வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றவே அவளுக்கு அத்தனை நேரம் ஆனது.

“அனுமதி தர மாட்டோம்னுட்டாவக்கா. கடமையைச் செய்யும்போது நடந்ததாம். அரசாங்க அனுமதி இல்லாம கோர்ட்டு அந்தப் போலீஸ் ஆபீசர் மேல கேஸை எடுக்காது.”

“அப்படி ஒரு சட்டம் எதுக்கு?”

“இல்லன்னா பிடிபட்டவன்லாம் பிடிச்சவங்க மேல கேஸ் போடுவான், ஒருத்தரும் வேலை பாக்க மாட்டாவன்னு.”

“சரிதான். நானும் வேலை பாத்தவதான். என் கைல இருந்த நோயாளிக்கு இடுப்பு முறிஞ்சிருந்தா, கடமைன்னு விட்டிருப்பாவளா?”

அனுசியா கேஸ் கட்டைப் பிரித்தாள். “மதுரை ஹைகோர்ட்டுக்குப் போவோம். ரெண்டு வருஷம் ஆவும்.”

எமில்டா கட்டிலைப் பார்த்தாள். அந்தக் கால் வீக்கத்தோடு அவர் இரண்டு மாதம் இருந்தாலே பெரிது.

“அவரு சொல்லுததை இப்பமே எழுதி வைக்கலாமா?”

“எழுதுங்க. கையெழுத்தும் வாங்குங்க. கோர்ட்டு எடுத்துக்கிடுமான்னு தெரியாது. ஆனா எழுதுங்க.”

மனுவேல் கட்டிலிலிருந்து சொன்னார்: “அந்தச் சட்டை இப்பம் எனக்குத் தொளதொளன்னு இருக்கும் ஏளா. நல்லவேளை, ஜட்ஜு பாக்கல.”



மறுநாள் காலை ஆறு மணிக்கு அவரைத் துடைத்து அந்தச் சட்டையைப் போட்டுவிட்டாள். தோளில் தொங்கியது. தலையணை முட்டுக்கொடுத்து உட்கார வைத்து, எதிரே ஸ்டூலில் நோட்டோடு உட்கார்ந்தாள்.

“நீ ஜட்ஜு இல்லியே.”

“இல்ல. சொல்லுங்க.”

முதலில் நேரத்தை எழுதினாள். நாடியை எழுதினாள். பிறகு அவர் சொன்னதை எழுதினாள். இரண்டு இடத்தில் நிறுத்தித் தண்ணீர் கொடுத்தாள். ஏழே முக்காலுக்கு அவர் கையெழுத்துப் போட்டார். சட்டையைக் கழற்றி, வியர்வை போக அலசிக் கொடியில் போட்டாள். பக்கத்து வீட்டு ஸ்டெபியை அவர் அருகில் உட்கார வைத்துவிட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனாள்.