கறையான் மிச்சம் வைத்த புத்தகம்

எங்கள் வாத்தியார் கொர்னேலியஸ் தோர்ப்புக்குப் பயம் இரண்டு. ஒன்று கறையான். இன்னொன்று, வருடத்துக்கொரு முறை தலைநகர் ஃப்ரீடவுனிலிருந்து, ஆட்கள் சுமக்கும் தூளியில் படுத்தபடி மலையேறி வரும் பள்ளி இன்ஸ்பெக்டர் துரை. என்மேல் மட்டும் பயமில்லை. அவர் பூட்ஸில் ஓணானை விட்டது நான்தான் என்று தெரிந்தும் அடிக்கவில்லை. "பாவம், ஓணான்" என்றார். அவ்வளவுதான்.

சர்க்கார் கொடுத்த பன்னிரண்டு வாசிப்புப் புத்தகங்களில் பதினொன்றை ஒரே மழைக்காலத்தில் கறையான் தின்று தீர்த்தது. சொன்னால் வேலை போய்விடும் என்று வாத்தியார் வாயே திறக்கவில்லை. மிஞ்சிய ஒன்றை மேசை நடுவில் விரித்துவைத்தார். இருபத்துமூன்று பேரும் சுற்றி நின்று படித்தோம். மூன்று வருடமாக அவரவர் இடம் அவரவருக்கு. வாத்தியார் பக்கம் நின்ற ஆறு பேர் நேராகப் படித்தார்கள். பக்கவாட்டுக்காரர்களுக்கு எழுத்தெல்லாம் படுத்துக் கிடந்தது. தினமும் தாமதமாக வரும் எனக்கு எதிர்ப்பக்கம், தலைகீழ். சர்ச்சுக்குப் போனால், பாட்டுப் புத்தகத்தைப் பிடிக்கிற விதத்தை வைத்தே எங்களில் யார் எந்த மூலை என்று சொல்லிவிடலாம்.

துரை முன்னால் புத்தகத்தைத் திருப்பக் கூடாது, காரணம் கேட்பார் என்று வாத்தியார் உத்தரவு. அதனால் போன இரண்டு வருடமும் அந்த ஆறு பேர்தான் தேறினார்கள். இந்த வருடமும் அப்படியானால் பள்ளியை மூடிவிடுவோம் என்று கடிதம் வந்தது. இன்ஸ்பெக்ஷனுக்கு முந்தின நாள், வாத்தியார் சாக்குக்கட்டித் துண்டுகளைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டிருந்தார். ஊரைவிட்டுக் கிளம்புகிறவர் மாதிரி. அன்றைக்கு நான் குறும்பு எதுவும் செய்யவில்லை. அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

துரை வந்தார். நேர்ப்பக்க ஆறு பேரும் படித்தார்கள். பக்கவாட்டு ஒபதையா புத்தகத்தைப் பார்த்து மீன் மாதிரி வாயைத் திறந்து மூடினான். என் முறை வந்தது. உத்தரவு கிடக்கட்டும் என்று புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பிவைத்துக் கடகடவென்று படித்தேன்.

"மனப்பாடம்!" துரை மேசையைத் தட்டினார். "புத்தகம் எந்தப் பக்கம்னுகூட இவளுக்குத் தெரியல." உட்கார்ந்து அறிக்கை எழுத ஆரம்பித்தார். வாத்தியார் முகம் சாம்பலாகிவிட்டது. நான் மேசைக்கு எதிரேதான் நின்றிருந்தேன்.

"'பிள்ளைகளுக்கு எழுத்து தெரியாது,'" என்று உரக்கப் படித்தேன். "'பள்ளியை மூடுவதே...' அடுத்த சொல் வெளங்கலை ஐயா. கோழி கிளறின மாதிரி இருக்கு."

பேனா நின்றது. என்னை முறைத்துவிட்டு இன்னொரு வரி எழுதினார்.

"'இந்தப் பெண் வாயாடி.' சரியாத்தான் எழுதியிருக்கீங்க ஐயா."

"தபித்தா, வாயை மூடு புள்ள!" என்றார் வாத்தியார். பிறகு அவரே திறந்தார். கறையான், பதினொரு புத்தகம், எல்லாம் கொட்டினார்.

துரை பேனாவைக் கீழே வைத்தார். "சரி, அவங்கவங்க இடத்துல நில்லுங்க" என்றார். தன் செய்தித்தாளை மேசையில் விரித்து, ஒவ்வொரு பக்கமாகக் கழுத்தை ஒடித்துக்கொண்டு சுற்றி வந்தார். பத்தொன்பது பேர் தேறினோம். ஒபதையா கப்பல் விளம்பரத்தை முழுசாகப் படித்தான்.

அறிக்கைத் தாள் கிழிபட்டது. அடுத்த மாதம் ஒரு பெட்டி புத்தகம் வந்தது. வாத்தியார் அதை நாலு கல்லின் மேல் வைத்திருக்கிறார், சுற்றிலும் சாம்பல்.

"இனிமேலாவது நேரா படிச்சுப் பழகு" என்கிறார். நான் பழகப்போவதில்லை. எதிரே நின்று படித்தால்தான், நான் படிக்கும்போது அவர் உதடு கூடவே அசைவது தெரியும்.