கஸ்பார் இழுக்காத கால்

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் கஸ்பாருக்கு ராயபுரத்து மைதானத்தில் இன்னொரு வேலையும் உண்டு. எவனுக்காவது தோள்மூட்டு நழுவினால் ஒரே இழுப்பில் உட்கார வைப்பார். வலிக்குமா என்று கேட்கிற வழக்கமெல்லாம் கிடையாது.

இன்று விழுந்தது அவர் மகள் ஜானட். கோலுக்குப் பாய்ந்தவளின் இடுப்புமூட்டு நழுவி, வலது கால் குட்டையாகி உள்பக்கம் திரும்பிக் கிடந்தது.

“இன்னாண்ணே பாத்துகினு கீற? இழுண்ணே!” என்று கூட்டம் கத்தியது. பழகிய கை அவள் கணுக்காலைப் பற்றிவிட்டது.

கம்பு ஊன்றி நடக்கும் பழைய ஆட்டக்காரன் மேத்யூ வந்து எதிரே நின்றான். கஸ்பார் கையை எடுத்தார்.

“எவனும் தொடாத! பலகை எடுத்துகினு வா!” என்று கத்தினார்.

எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் நிமிர்ந்தார். “எலும்பு வளர்ற இடத்துல கீறல் இருக்கு. மயக்கம் குடுத்துத்தான் பொருத்தணும். அங்கேயே இழுத்திருந்தா பிஞ்சிருக்கும். யாரு தடுத்தது?”

“மேத்யூன்னு ஒருத்தன்.”

“மருத்துவம் படிச்சவரா?”

“இல்ல டாக்டர். போன வருசம் அவன் காலை நான் இழுத்தேன்.”