கூப்பிட்டால் கேட்காத குடும்பம்

அவளுக்கு ‘பிரேக் அக்கா’ என்று பேர் வைத்தது யாரென்று யாருக்கும் தெரியாது. பத்தொன்பது வருஷமாகக் கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறாள். பழகுகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை அவள் மிதிக்கிற மிதியில் எத்தனையோ பேர் உயிர் தப்பியிருக்கிறார்கள். நாள் முழுக்க மிதித்த கால், வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் சும்மா இருக்காது. தரையை அழுத்திக்கொண்டே இருக்கும்.

மகன் வேலை கிடைத்துக் கடல் தாண்டிப் போய் மூன்று வருஷம் ஆயிற்று. அடுத்த வருஷமே மகளும் வெளியூருக்குப் பெட்டியைக் கட்டிவிட்டாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாமல் போனது. குளிர்சாதனப் பெட்டியை மூன்று முறை இடம் மாற்றினாள். அழுக்கே படாத திரைச்சீலைகளைக் கழற்றித் துவைத்தாள். காலை ஆறு மணிக்கு ஒரு வகுப்பைக் கூடுதலாக ஒப்புக்கொண்டாள். அவள் வீட்டுக்காரர் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவர். சாயங்காலம் வந்தால் பேப்பரில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டு ஒரே இடத்தில் இரண்டு மணி நேரம் உட்காரக்கூடிய மனிதர்.

“வீட்டுல இருக்கறதே ரெண்டு பேரு. எதுக்கு இந்த ஓட்டம்?” என்றார் ஒரு நாள்.

“ரெண்டே பேரு இருக்கோமேன்னுதான் ஓடறேன்.”

மகளிடம் போனில் பேசினாலும் மனசு ஆறுவதில்லை. இவள் ஒன்று சொல்வாள், அந்தப் பக்கம் “என்னது?” என்று கேட்கும். திரும்பச் சொன்னால் மறுபடி “என்னது?” மூன்றாவது தடவை இவளுக்கே சுருக்கென்றுவிடும். “ஒண்ணுமில்ல, வச்சிடறேன்” என்று வைத்துவிட்டு வீட்டுக்காரரிடம் பொரிந்து தள்ளுவாள். “கையில ஏதோ வேலைய வச்சிக்கிட்டுப் பேசறா. நாம சொல்றது காதுலயே விழறதில்ல. பெத்தவங்க பேச்சுக்கு அவ்வளவுதான் மதிப்பு.”

ஒரு புதன்கிழமை, இரண்டு வகுப்புகளுக்கு நடுவே காரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது மகளே கூப்பிட்டாள்.

“அம்மா, நம்ம குடும்பத்துல யாருக்காவது சின்ன வயசுலேயே காது மந்தமாச்சா?”

“ஏன், யாருக்கு என்ன?”

“எனக்குத்தாம்மா. வலது காது பாதிக்கு மேல போயிடுச்சு. டாக்டர் உள்ள இருக்கற சின்ன எலும்பு இறுகிப்போயிருக்குங்கறாரு. இது பரம்பரையா வருமாம். ரெண்டு பக்கத்துச் சொந்தத்துலயும் விசாரிச்சு ஒரு படிவம் நிரப்பித் தரச் சொல்லியிருக்காரு.”

“எத்தனை நாளா இப்படி?”

“ரெண்டு வருஷம் இருக்கும். உனக்குச் சொன்னா நீ அங்கேர்ந்து ஓடி வந்துடுவன்னு சொல்லல.”

டீ ஆறிப்போனது. இந்த இரண்டு வருஷத்தில் எத்தனை தடவை சட்டென்று போனை வைத்திருப்பாள் என்று எண்ணிப் பார்க்கப் போய், எண்ண முடியாமல் விட்டாள். அடுத்து வந்த மாணவர் ஸ்டியரிங்கைப் பிடித்து ஐந்து நிமிஷம் நேராக ஓட்டியும் இவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராததைப் பார்த்து, “அக்கா, நான் ஏதாவது தப்பாப் பண்ணிட்டேனா?” என்று பயந்துபோனார்.

வீட்டுக்காரர் பக்கத்துப் பட்டியல் பத்து நிமிஷத்தில் வந்துவிட்டது. தன் அக்காவுக்குப் போன் போட்டார். நாலு தலைமுறைக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டு வலி எல்லாம் வரிசையாக வந்து விழுந்தன. “காதா? நம்ம வீட்டுல சுவருக்கு அந்தப் பக்கம் குசுகுசுன்னு பேசினாலும் கேக்குமேடா” என்றாளாம் அந்த அக்கா. இவளுடைய அம்மா வழியிலும் காதுக்கு ஒரு குறையும் இல்லை.

மீதி இருந்தது அப்பா. ஆறு வருஷம் முன்னால் இறந்துபோன அப்பாவுக்குக் காது கேட்காதுதான். மில்லில் இயந்திரச் சத்தத்துக்கு நடுவே வேலை பார்த்தவர், அதனால் வந்தது என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். அவருடைய அம்மா, அப்பா, கூடப்பிறந்தவர்கள் என்று படிவத்தில் இருந்த கட்டங்களில் எழுத இவளிடம் ஒன்றும் இல்லை. சின்ன வயசில் கேட்டபோதெல்லாம், “எல்லாரும் போய்ச் சேர்ந்துட்டாங்கம்மா” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். அவரைச் சொந்தம் என்று தேடி ஒரு ஈ, காக்கை வந்ததில்லை.

அந்த வெற்றுக் கட்டங்கள் அவளை விடவில்லை. சமைக்கும்போதும் கியர் மாற்றச் சொல்லும்போதும் கண்முன் வந்து நின்றன. “தெரியலன்னு எழுதிக் குடுத்துடேன்” என்றார் வீட்டுக்காரர். “அம்பத்திநாலு வயசுல அப்பனோட அப்பன் யாருன்னு தெரியலன்னு எழுதணுமா?” என்று சீறினாள்.

மில் எப்போதோ மூடப்பட்டுவிட்டது. தொழிலாளர் காகிதங்கள் ஒரு அரசாங்க அலுவலகத்தின் பின்கட்டில் கிடப்பதாகக் கேள்விப்பட்டுப் போனாள். அங்கே இருந்த குமாஸ்தா இவளைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். ஐந்தாவது முயற்சியில் லைசென்ஸ் வாங்கிய பழைய மாணவர்.

“நல்லா இருக்கீங்களா மேடம்? எனக்கு இன்னும் ரிவர்ஸ் வராது.”

“முன்னாடியே போங்க, போதும். எங்கப்பா ஃபைல் வேணும்.”

மூன்று நாள் அலைய வேண்டியிருந்தது. நாலாவது நாள் தூசிக் கட்டிலிருந்து ஒரு பழுப்புத்தாளைத் தேடி எடுத்துப் பிரதி போட்டுக் கொடுத்தார். அறுபது வருஷத்துக்கு முந்தைய கோழிக் கிறுக்கல். ஆனால் டாக்டர்கள் எழுதுவதையே படித்துப் பழகிய மருந்துக்கடைக்காரருக்கு அது ஒரு பொருட்டில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கடகடவென்று வாசித்தார். நிரந்தர முகவரி என்று நாலு மணி நேரத் தூரத்தில் ஓர் ஊர், ஒரு தெரு. அப்புறம், தான் இறந்தால் பணம் போய்ச் சேர வேண்டியது யாருக்கு என்கிற இடத்தில் ஒரு பேர் எழுதி, பிற்பாடு கோடு போட்டு அடித்து, மேலே அம்மாவின் பேர்.

“அடிச்ச பேருக்குப் பக்கத்துல என்ன போட்டிருக்கு?”

“உறவு, தங்கை.”

“தங்கையா? அவருக்கு ஏது தங்கை?”

வீட்டுக்காரர் காகிதத்தை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். தங்கையேதான்.

சனிக்கிழமை வகுப்புகளை ரத்து செய்துவிட்டு இருவரும் கிளம்பினார்கள். அந்த முகவரியில் இப்போது சைக்கிள் கடை. எதிரே கைக்கடிகாரம் பழுது பார்ப்பவரிடம் அந்தத் தங்கையின் பேரைச் சொல்லிக் கேட்டார்கள். அவர் தலையைத் தூக்காமலே, “டெலிபோன் அம்மாவைக் கேக்கறீங்களா? அடுத்த தெரு, மாடிப்படி வெளியில இருக்கும். சத்தமாக் கூப்பிடுங்க” என்றார்.

கதவைத் திறந்தவளுக்கு எழுபத்திநாலு வயசு. ஒல்லியாக, நிமிர்ந்து, பார்வையிலேயே ஆளை எடை போடுகிறவளாக இருந்தாள். இவள் வழி முழுக்கப் பாடம் பண்ணி வைத்திருந்த பேச்சையெல்லாம் விட்டுவிட்டு, அப்பாவின் பேரை மட்டும் சொல்லி, “அவரோட பொண்ணு” என்றாள்.

டெலிபோன் அம்மா கதவை முழுசாகத் திறக்கவும் இல்லை, சாத்தவும் இல்லை.

“அவன் எங்கே?”

“ஆறு வருஷம் ஆச்சு, போயிட்டாரு.”

“அப்ப எதுக்கு வந்தே? நான் தேடுனப்ப யாரும் வரல. இப்ப என்ன வேணும்?”

“என் பொண்ணுக்குக் காது கேக்கல. நம்ம குடும்பத்துல யாருக்கு என்ன நோய் இருந்துச்சுன்னு தெரியணும். வேற எதுவும் வேண்டாம்.”

“நோயா? நோய் கேட்டுக்கிட்டு வந்த முதல் ஆளு நீதான். உள்ள வா. எழுதிக்கோ.”

எழுதினாள். தாத்தாவுக்கு நெஞ்சு வலி, அதைவிட மோசமான வியாதி கோபம். பெரியப்பா ஒருவருக்குக் குடல் நோய். ஒரு சித்தப்பா மாடிப்படியில் விழுந்து செத்தார். அது நோயில்லை என்று இவள் சொன்னதற்கு, “குடிச்சிட்டு விழுந்தா நோய்தான், எழுது” என்றாள் அத்தை. சொல்லிக்கொண்டே போனவள் தன் அம்மாவிடம் வந்ததும் நின்றாள்.

“அம்மாவுக்கு முப்பது வயசுல காது போச்சு. எனக்கும் முப்பத்திரெண்டுல வலது காது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேலை. ஹெட்போன இடது காதுக்கு மாத்திக்கிட்டேன். தெரிஞ்சா வேலை போயிடும். ரிட்டயர் ஆகற வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது.” தன் வலது காதைத் தொட்டுக் காட்டினாள். “இது போனப்பதான் எனக்கு உங்கப்பன் விஷயமே புரிஞ்சுது.”

“என்ன விஷயம்?”

“அவன் ஏன் வீட்டை விட்டுப் போனான்னு சொன்னானா?”

“இல்ல.”

“ஒரு நாள் வாசல்ல முதுகு காட்டி நின்னுக்கிட்டிருந்தான். எங்கப்பா உள்ளேர்ந்து கூப்பிட்டாரு. திரும்பல. ரெண்டாந்தடவை கூப்பிட்டாரு. அப்பவும் திரும்பல. மூணாந்தடவை எழுந்து போயி, தெருவே பார்க்க ஒரு அறை விட்டாரு. ‘கூப்பிட்டாக் கேக்காத திமிரு’ன்னாரு. அவனுக்கு இருபத்திரெண்டு வயசு. அன்னைக்கே போயிட்டான். எனக்குப் பன்னெண்டு வயசு. நானும் திமிருன்னுதான் நினைச்சேன். என் காது போன அன்னைக்குத்தான் தோணிச்சு, அவனுக்கு அன்னைக்குக் கேட்டே இருக்காதுன்னு. ஓடிப்போயி எங்கப்பாகிட்டச் சொல்லலாம்னா அவரு அதுக்கு முந்தின வருஷமே செத்துட்டாரு.”

இவள் பேனாவை மூடி வைத்தாள். ‘என்னது?’ என்று கேட்கிற மகளின் குரல் உள்ளே எங்கோ கேட்டது. வீட்டுக்காரர் எழுந்து போய் யாரும் கேட்காமலே தண்ணீர் கொண்டுவந்து இருவருக்கும் கொடுத்தார்.

“போட்டோ இருக்கா?” என்றாள் அத்தை.

இவள் போனில் தேடி எடுத்துக் கொடுத்தாள். எழுபத்தைந்து வயசில், சட்டையின் மேல் பொத்தான் வரைக்கும் போட்டுக்கொண்டு அப்பா எடுத்துக்கொண்ட படம். அத்தை எட்டப் பிடித்துப் பார்த்தாள், கிட்டப் பிடித்துப் பார்த்தாள்.

“இது எங்கப்பா படமில்ல? உனக்கு எப்படிக் கிடைச்சுது?”

“அப்பாதான் அத்தை. உங்க அண்ணன்.”

அத்தை என்ற சொல் தானாகவே வந்துவிட்டது. அவள் அதைக் கவனித்த மாதிரித் தெரியவில்லை. அறைந்தவர் முகத்தையே அறை வாங்கியவர் கடைசியில் வாங்கிக்கொண்டிருந்தார். அத்தை கட்டைவிரலால் போனின் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்; ஒவ்வொரு துடைப்புக்கும் படம் நகர்ந்து போக, இவள் திரும்பத் திரும்ப எடுத்துக் கொடுத்தாள்.

“எங்களப் பத்தி என்ன சொல்லியிருந்தான்?”

பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் பொய் எடுபடாது.

“எல்லாரும் செத்துட்டாங்கன்னு.”

“என்னையும் சேர்த்தா?”

“ஆமா.”

“எதுல செத்தேனாம்?”

“அதச் சொல்லல.”

“கேட்டிருக்கணும் நீ” என்றாள் அத்தை. சிரிக்கிறாளா, அழப்போகிறாளா என்று தெரியாத முகம். இவள் பையிலிருந்து அந்தப் பிரதியை எடுத்து நீட்டினாள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எழுதிக் கொடுத்தது என்று தேதியைக் காட்டினாள். அத்தை அடித்துப்போட்ட தன் பேரை வாசித்தாள். பிறகு அதை நாலாக மடித்து, “இது எங்கிட்டயே இருக்கட்டும்” என்றாள். கேட்டதல்ல, சொன்னது.

படிவம் போய்ச் சேர்ந்தது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு இனிச் சந்தேகமில்லை என்று ஆபரேஷனுக்கு நாள் குறித்தார். இவள் பத்து நாள் லீவு போட்டுக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனாள். காது திறந்துகொண்டது. அதுதான் தொல்லையாகவும் போனது. ஆறாவது நாள் மகள் காதைப் பொத்திக்கொண்டு, “அம்மா, நீ நடக்கறது, பாத்திரத்த நகத்தறது, அலமாரியத் திறக்கறது எல்லாம் இடி மாதிரி கேக்குது. ஒரு அஞ்சு நிமிஷம் உக்காரேன்” என்றாள். உட்கார்ந்தாள். ஐந்து நிமிஷம் உட்கார்ந்தாள். பிறகு, “நான் போனைப் பட்டுன்னு வச்சதெல்லாம் மனசுல வச்சிக்காதே” என்றாள். மகள் அதற்கு, “நீ வச்சதே பாதி நேரம் எனக்குத் தெரியாதும்மா, நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருந்திருக்கேன்” என்றாள். ஏழாவது நாளே இவள் ஊர் திரும்பிவிட்டாள். மகனையும் விடவில்லை, எனக்கு நல்லாத்தான் கேக்குது என்று அவன் கத்தக் கத்தப் பரிசோதனைக்கு அனுப்பினாள். அவன் காதில் பழுதில்லை.

அத்தையிடமிருந்து ஒரு மாசம் ஒரு தகவலும் இல்லை. அப்புறம் ஒரு நாள் போன். “அந்த மில்லப் பார்க்கணும். வந்து கூட்டிக்கிட்டுப் போ.” அவ்வளவுதான் பேச்சு. வருவாயா என்றெல்லாம் கேட்கவில்லை.

இவளும் விடியற்காலையில் கிளம்பிப் போய் அழைத்து வந்தாள். மில் இருந்த இடத்தில் பாதி சரக்குக் கிடங்கு, பாதி புதர். வாசல் தூண் ஒன்று மட்டும் நின்றது. அப்பா இதன் வழியாக முப்பத்தைந்து வருஷம் உள்ளே போய் வெளியே வந்தார் என்று இவள் காட்டினாள். அத்தை தூணைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள், இந்தப் பக்கம் வந்தாள்.

“இந்த ஊருக்கு நான் தினம் முப்பது லைன் போட்டுக் குடுத்திருக்கேன். மில் ஆபீஸுக்கே குடுத்திருக்கேன். நம்பர் கூட ஞாபகமிருக்கு.”

கிடங்குக் காவலாளி இவர்களைப் பார்த்து எழுந்து வந்தார். யாரைப் பார்க்கணும் என்றார். “யாரையும் இல்ல” என்று இவள் சொல்லி அனுப்பினாள்.

இரண்டு நாள் வீட்டில் தங்கிவிட்டுப் போகலாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கட்டிலில் புதுசாக விரிப்புக்கூடப் போட்டு வைத்திருந்தாள். அத்தை மசியவில்லை. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “எனக்கு ஒரு இடத்துல இருப்புக் கொள்ளாது, கிளம்பு” என்றாள். வீட்டுக்காரர் இவளைப் பார்த்தார். இவள் கார் சாவியைத் தேடுகிற மாதிரித் திரும்பிக்கொண்டாள்.

திரும்பும் வழி முழுக்க அத்தை அண்ணனைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். மாமரத்தில் ஏறி இறங்கத் தெரியாமல் அழுதது, தன்னைத் தோளில் வைத்துக்கொண்டு சினிமாவுக்குப் போய் ஒளிந்து பார்த்தது, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேட்ட கேள்விக்கு வேறு எதற்கோ பதில் சொல்லிப் பெஞ்சில் ஏறி நின்றது. இவளுக்குக் கேட்க ஆயிரம் இருந்தது. ஆனால் அத்தையின் கேட்காத காது இவள் பக்கம் இருந்தது. இரண்டு தடவை கேட்டுப் பார்த்தாள், பதில் வரவில்லை. மூன்றாவது தடவை வாயைத் திறக்கவில்லை. அத்தை சொல்லிக்கொண்டே வந்தாள். இவள் ஓட்டிக்கொண்டே கேட்டாள்.