செல்லுக்குப் பிடிக்காத தகடு

மதுரையில் ஆபரேஷன் தியேட்டர் தாழ்வாரத்தில் நிற்கவைத்தே டாக்டர் சொன்னார்: "தம்பி, செல் பிடிக்கல."

ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போன ஜீப் குமுளி மலைப்பாதையில் கவிழ்ந்து, அம்மாவின் இடது காலில் முழங்காலுக்குக் கீழே தோல் போய்விட்டது. முதலில் வைத்த தோல் ஒட்டு (உடம்பின் வேறிடத்துத் தோலை எடுத்து வைப்பது) சீழ் பிடித்துக் கழன்றது. பிறகு தொடையில் சிறு துண்டு எடுத்து, அதன் செல்களைப் பாலிமர் சாரத்தில் (கட்டடச் சாரம்போல, செல்கள் பற்றி வளர்வதற்கான நுண்துளைத் தகடு) ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். வளரவில்லை. மறுபடியும் தொடையில் எடுக்க வேண்டும். காயம் மூடாவிட்டால் காலையே எடுக்க நேரலாம்.

எங்கள் வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். விளக்குவது என் வேலை, எனக்கு விளங்காததையும் சேர்த்து.

"செல்லுக்கு அந்தத் தகடு பிடிக்கலையாம்மா."

"எனக்கே பிடிக்கல. அதுக்கு எப்பிடிப் பிடிக்கும்?"

"அந்தப் பிடிக்கல இல்ல. ஒட்டல. ரொம்ப வழவழப்பு."

"அப்ப நான்ஸ்டிக் தவாவையா வச்சாக? இனி தொடையத் தொட்டா பாரு!"

பக்கத்துக் கட்டில்காரம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த முறை தகட்டுக்குப் பிளாஸ்மா கொடுப்போம் என்றார் டாக்டர். இரத்தத்தில் இருக்கும் பிளாஸ்மா என்று நினைத்துக் கம்பத்திலிருந்து மாமாவை வரவழைத்தேன். அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "ஏலே மாப்ள, எங்கன படுக்கணும்?" என்றார். இதைப் படிக்கும் நீங்களும் அப்படி இரத்தத்துக்கு ஆள் தேடி ஓடாதீர்கள். இது வேறு பிளாஸ்மா (மின்னூட்டிய வாயு). அது பட்டால் தகட்டின் மேற்பரப்பு மாறும், செல் பற்றும்.

என் விளக்கம் எடுபடாததால் டாக்டரே இரண்டு தகடுகளைக் கொண்டுவந்து, ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். பழையதில் முத்தாக நின்றது. பிளாஸ்மா பட்ட புதியதில் ஒட்டிப் பரவியது.

அம்மா குனிந்து பார்த்தாள். "இத மொதல்லயே செஞ்சா என்னவாம் சார்?"

"சில செல் அதுலயே வளரும்மா. உங்களுக்கு வளரல."

அவள் சேலையைத் தொடைக்கு மேல் ஒதுக்கினாள்.

இந்த முறை செல் பிடித்தது. கால் தப்பியது. ஆனால் அந்த இடம் வியர்ப்பதில்லை. எறும்பு ஏறினாலும் அவளுக்குத் தெரிவதில்லை, நான்தான் தட்டிவிடுகிறேன். வெயில் படக்கூடாது, அடிபடக்கூடாது என்று தினமும் கத்துகிறேன். அவள் மறுபடி தோட்டத்துக்குப் போகிறேன் என்கிறாள்.

"அந்தத் தோலுக்கு ஒரு வயசுகூட ஆகலம்மா!"

காலை நீட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"மத்த ஒடம்புக்கெல்லாம் ஆயிருச்சுல்ல?"