மோடத்துக்குள் ஒரு தும்மல்

விழுப்புரத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டராகச் சேர்ந்தபோது, முதலாளிக்கும் அவருடைய தம்பிக்கும் பேச்சு நின்று வெகுநாள் ஆகியிருந்தது. மண்டியை அண்ணன் பார்த்துக்கொண்டார். திண்டிவனத்தில் இருந்த எண்ணெய் மில்லைத் தம்பி பார்த்துக்கொண்டார். வியாபாரம் மட்டும் பொது. சண்டைக்குக் காரணம் நிலமோ பங்கோ இல்லை. தம்பி மகளின் காதணி விழா அழைப்பிதழில், அண்ணன் பெயரை மாமன்மார் பெயருக்குக் கீழே அச்சடித்துவிட்டார்கள். அது அச்சகத்துக்காரன் செய்த தப்பு என்று தம்பி சொல்லி அனுப்பினார். அச்சகத்துக்காரனா எனக்குத் தம்பி என்று அண்ணன் திருப்பிச் சொல்லி அனுப்பினார். அதோடு சரி.

ஆனால் தினமும் காலையில் விலை பேசியாக வேண்டுமே. அதற்குத்தான் எங்கள் கணக்கர் இருந்தார். முதலாளி மாடிப்படியில் நின்றுகொண்டு கீழே பார்த்துக் கத்துவார்: “போன லோடுல பாதி கல்லுன்னு சொன்னானாமே? அவன் கண்ணுலதான் கல்லு விழுந்துகீதுன்னு சொல்லுய்யா!”

கணக்கர் போனில் தம்பியிடம் குழைவார்: “அண்ணன் விசாரிச்சாருங்க. லோடை ஒருதரம் திரும்பப் பாத்துக்கலாம்னு சொல்றாருங்க.”

இந்த மனிதரை ஏதாவது நாட்டுக்குத் தூதராக அனுப்பியிருந்தால் உலகத்தில் பாதிச் சண்டை குறைந்திருக்கும். மில்லில் தம்பி அறையில் இருந்ததுபோலவே, இங்கே மாடியில் முதலாளி அறையிலும் ஆபீஸ் லைனிலேயே இன்னொரு போன் இருந்தது. தம்பியோடு பேச்சு நின்றதிலிருந்து அதை அவர் கையால்கூடத் தொடுவதில்லை என்று ஆபீசில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் கோட்டக்குப்பத்து பாய் வந்தார். துபாய்க்குப் போய்வருகிற வியாபாரி, முதலாளிக்கு நெடுநாள் பழக்கம். இரண்டு மோடம் கார்டுகளை மேசைமேல் வைத்தார். “இத கம்ப்யூட்டர் உள்ள சொருவிட்டா போதும். இங்க இருக்குற கணக்கு போன் லைன்லயே திண்டிவனத்துக்குப் போயிடும். ரெண்டு மிஷினும் அதுங்களே பேசிக்கும்.”

“நாங்க பேசத் தேவையில்லையா?” என்றார் முதலாளி.

“தேவையே இல்ல.”

விலைகூடக் கேட்காமல் முதலாளி இரண்டையும் எடுத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். “ஆயுத பூசைக்குள்ள ரெண்டும் பேசிக்கணும். இல்லன்னா பொட்டிய வித்துடுவேன். பொட்டி போனா உனக்கு இங்க இன்னாம்மா வேலை?”

வேலை போனால் எனக்கு என்ன காத்திருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். கண்டாச்சிபுரத்தில் ஒரு மாப்பிள்ளை. “வேலைக்குப் போற பொண்ணு, கொஞ்ச நாள் போகட்டும்” என்று சொல்லித்தான் அப்பாவை நிறுத்தி வைத்திருந்தேன். மாப்பிள்ளையைவிட அவர் வீட்டு டிராக்டரைப் பற்றித்தான் அப்பா அதிகம் பேசினார். எனக்கு இரண்டின் மேலும் ஆசை வரவில்லை.

கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றி கார்டைச் சொருகினேன். கணக்கர் நல்ல நேரம் பார்த்துச் சொல்லி, பெட்டிக்கு ஒரு குங்குமப் பொட்டும் வைத்தார். ஆன் செய்தால் மோடம் என்று ஒன்று இருப்பதாகவே அந்த மிஷின் ஒப்புக்கொள்ளவில்லை. கழற்றி வேறு இடத்தில் சொருகினேன். அப்போதும் அதே கதை. கூட வந்த பொடியெழுத்துப் புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படித்ததில் விஷயம் பிடிபட்டது. ஏற்கெனவே மவுஸ் உட்கார்ந்திருந்த அதே முகவரியில் மோடமும் போய் உட்கார்ந்திருக்கிறது. ஒரே கதவு எண்ணில் இரண்டு குடித்தனம் என்றால் தபால்காரர் என்ன செய்வார்? முகவரியை மாற்ற, கார்டின் மேலிருந்த ஜம்பர் என்கிற குட்டித் தொப்பியைப் பிடுங்கி வேறு ஊசியில் மாட்ட வேண்டும். பிடுங்கினேன். அது துள்ளிப் பெட்டிக்குள் விழுந்தது. நானும் கணக்கரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, முறத்தில் அரிசி புடைப்பதுபோல் கம்ப்யூட்டரைப் புடைத்து அதை வெளியே எடுத்தோம்.

அடுத்த பேஜாரு டயல் செய்வதில். மோடம் கீச் கீச்சென்று எண்களைப் பாடியது. எங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு அந்தப் பாட்டு புரியவில்லை. பழைய போனைச் சுற்றினால் வருகிற டொக் டொக் சத்தம்தான் அதற்கு வேண்டும். கட்டளையை மாற்றிக் கொடுத்தேன். டொக், டொக், டொக். திண்டிவனத்தில் மணி அடித்தது. அங்கிருந்த மோடம் எடுத்து, விசிலடித்தது. நான் நாற்காலியைவிட்டு எழுந்து குதித்தேன். கணக்கர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

எண்ணிப் பத்து வரி போயிருக்காது. திரையில் கோழி கிளறிய குப்பை மாதிரி கன்னாபின்னாவென்று எழுத்துகள் விழுந்தன. லைன் அறுந்தது.

மறுபடி போட்டேன், அறுந்தது. மறுநாளும் அறுந்தது. லைன்மேன் வந்து பார்த்து, லைன் தங்கம் மாதிரி இருக்கிறது என்று சொல்லி டீ குடித்துவிட்டுப் போனார். பஸ் பிடித்துத் திண்டிவனம் போய், மில்லில் இருந்த ஆபரேட்டர் பெண்ணோடு உட்கார்ந்து அந்தப் பெட்டியையும் பிரித்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. “நம்ம பேசுனா நல்லாதான் கேக்குதுக்கா, இதுங்க பேசுனாதான் புட்டுக்குது” என்றாள் அவள். திரும்பி வரும்போது கூட்டேரிப்பட்டில் பஸ் நின்ற நேரமெல்லாம் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு நின்றது. ஆயுத பூசைக்கு வெள்ளையடிக்கத் தொடங்கிவிட்டார்கள். அப்பா வேறு, மாப்பிள்ளை வீட்டாரை வரச் சொல்லட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மோடத்துக்குள் ஒரு சின்ன ஸ்பீக்கர் உண்டு. இணைப்பு கிடைத்ததும் அது தானாக வாயை மூடிக்கொள்ளும். மூடாதே என்று கட்டளை கொடுத்தால் என்ன? லைன் அறுகிற நேரத்தில் என்னதான் நடக்கிறது என்று காதாலாவது கேட்கலாமே. விசில் அறுந்தாலும் உடனே போனை வைத்துவிடாமல் கொஞ்சம் காத்திருக்கவும் சொல்லி வைத்தேன். “பேய் ஓட்டுற மாதிரி இருக்குதும்மா” என்று கணக்கர் காதைப் பொத்திக்கொண்டார்.

டொக் டொக். மணி. விசில். பிறகு மெல்லிசாக ஒரு ‘டிக்’. சற்றுத் தள்ளி இன்னொரு ‘டிக்’. விசில் தடுமாறி அடங்கியது.

அடுத்து, கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு தும்மல் வந்தது.

அது யாருடையது என்று மண்டியில் மூட்டை தைக்கிறவர்கள் வரைக்கும் தெரியும். மூக்குப்பொடி போட்டுப்போட்டுக் கனத்த தும்மல். நானும் கணக்கரும் முதலாளியின் மாடியை அண்ணாந்து பார்த்தோம். எங்களுக்குச் சிரிப்பு வருவதற்குள் பெட்டியிலிருந்து இன்னொரு குரல், யோசிக்காமல், பழக்க தோஷத்தில் சொன்னது:

“நூறு!”

தும்மினால் நூறு வயசு என்று வாழ்த்துவது எங்கள் பக்கத்தில் கைக்குழந்தை முதல் எல்லோருக்கும் உள்ளது. அந்த நாக்குக்குச் சண்டையெல்லாம் ஞாபகம் இருக்காது. சொன்னவர் திண்டிவனத்துத் தம்பி.

யாரும் போனை வைக்கவில்லை. மூக்குப்பொடி வைக்க விடவில்லை என்றும் சொல்லலாம். இரண்டாவது தும்மல் வந்தது.

“எரநூறு” என்றது தம்பியின் குரல், இந்தத் தடவை மெதுவாக.

“நீயாடா?”

“நான்தாண்ணே.”

“ஒட்டுக் கேட்டுக்கினு இருக்கியா?”

“நீ மட்டும் இன்னா பண்ணிக்கினு இருக்க?”

கணக்கர் தோளிலிருந்த துண்டை எடுத்து ஸ்பீக்கர் இருந்த இடத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அவருடைய கண் கலங்கியிருந்தது. என் கண்ணும்தான். ஆனால் கூடவே மனசுக்குள் ஒரு கணக்கும் ஓடியது. அண்ணனும் தம்பியும் ஒன்று சேர்ந்துவிட்டால் இந்தப் பெட்டி எதற்கு? பெட்டி இல்லையென்றால் நான் எதற்கு?

நெடுநேரம் கழித்து முதலாளி இறங்கி வந்தார். மூக்கும் கண்ணும் சிவந்திருந்தன. “பொடி ஜாஸ்தியாயிடுச்சு” என்றார், யாரும் கேட்காமலே.

நான் முந்திக்கொண்டேன். “ஏன் அறுந்து போகுதுன்னு கண்டுபிடிச்சிட்டேங்க. நடுவுல யாரும் போனை எடுக்காம இருந்தா போதும். நாளைக்கே கணக்கு போயிடும்.”

அவர் கணக்கரைப் பார்த்தார். கணக்கர் விட்டத்தைப் பார்த்தார்.

“இன்னா அவசரம்?” என்றார் முதலாளி. “நாளைக்கும் இதே நேரத்துக்கு அத போடு. அறுந்தா அறுவட்டும். அவன் கூப்புடட்டும்னு நானு, நான் கூப்புடட்டும்னு அவனு, இத்தினி வருசமா உக்காந்துகினு இருந்தோம். இது ரெண்டு பேருக்கும் பொதுவா கூப்புடுதும்மா.”

அந்த ஆயுத பூசையன்று எனக்கு வேலை நிரந்தரமானது. தினமும் காலையில் மோடத்தைப் போட்டு, அது தோற்றுப் போவதை உறுதி செய்துகொண்டு, ஸ்பீக்கரை அணைத்துவிட்டு நான் டீ குடிக்கப் போய்விடுவேன். கணக்கை நானும் திண்டிவனத்துப் பெண்ணும் மத்தியானத்தில் போனில் வாயாலேயே படித்துக் கொடுத்துக்கொண்டோம். கார்டு சரியாக வேலை செய்கிறதா, கழற்றிப் பார்க்கட்டுமா என்று பாய் ஒருநாள் வந்து கேட்டார். முதலாளி அவரைக் கம்ப்யூட்டர் பக்கமே விடாமல் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பி வைத்தார்.