கிணற்று மண்ணில் வந்த இலை

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் புதைபடிவ இலைகளைப் பார்க்க எப்படிப் போவது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நான் முதன்முதலில் போனது 1973 செப்டம்பரில், மண் லாரியில்.

அப்போது தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்திக்கொண்டிருந்தேன். ராஜகீழ்ப்பாக்கத்தில் அப்பா வாங்கிய மனை பள்ளமாக இருந்தது. அதை நிரப்பக் கொட்டிய மண்ணில் ஒரு வெள்ளைக் களிக்கல், அதன்மேல் சீப்பு மாதிரி ஓர் இலையின் அச்சு. பல கோடி ஆண்டு பழையது. அந்த வகை இலைகள் எனக்குப் பழக்கம்தான். ஆனால் இதில் ஒவ்வொரு சிற்றிலையும் நடுக்காம்பில் சேரும் இடத்தில் காது மடல்போல வளைந்திருந்தது. புதிய இனமோ?

மூத்த ஆய்வாளர் ஒருவரிடம் காட்டினேன். "ஒத்த இலைய வச்சு இனம் சொல்ல முடியாதும்மா. நசுங்கினாலும் இப்படி வளையும்" என்றார். நியாயம்தான். மனை முழுக்கப் புரட்டினேன், இன்னொன்று கிடைக்கவில்லை.

லாரி டிரைவர் முனுசாமியைக் கேட்டேன். "ஸ்ரீபெரும்புதூராண்ட கெணறு வெட்டிக்கினு கீறாங்கோ. சனிக்கிழம கடைசி லோடு" என்றார்.

தனியாக அனுப்ப அம்மா சம்மதிக்கவில்லை. சேலையூரில் பக்கத்து வீட்டு மேபல் துணைக்கு வந்தாள். பள்ளியில் ஆங்கிலம் நடத்துபவள், கல்லைப் பற்றி ஒன்றும் தெரியாது. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு முனுசாமியின் லாரியிலேயே கிளம்பினோம். முடிச்சூர், மணிமங்கலம் வழியாக முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். மணிமங்கலத்தில் டீ குடிக்கும்போது முனுசாமி கேட்டார்: "அந்த எலைய வெச்சிக்கினு இன்னா பண்ணுவீங்க?"

"பேர் வைப்போம் அண்ணா."

"அட, இத்தினி நாளா பேர் இல்லாமலா கெடந்துச்சு, பாவம்!"

கிணற்றுக்காரர் தாராளமாகத் தேடச் சொன்னார். குவியலில் உட்கார்ந்து கல் கல்லாகப் பிளந்தோம். கிடைத்ததெல்லாம் ஏற்கெனவே பெயர் உள்ளவை. பத்தரை மணிக்கு மண்ணை லாரியில் ஏற்ற ஆட்கள் மண்வெட்டியோடு வந்துவிட்டார்கள். பாதிக் குவியல்கூட நாங்கள் பார்த்து முடிக்கவில்லை. முனுசாமி என் முகத்தைப் பார்த்தார். "இந்தாண்டயிருந்து அள்ளுங்கப்பா. அந்தாண்ட டீச்சருங்க கீறாங்கோ" என்றார்.

குவியல் கரைந்துகொண்டே வந்தது. மேபல் தூக்கிய பலகைக்கல் ஒன்று கை நழுவிக் கீழே விழுந்தது.

"ஐயோ, உடைச்சிட்டேன்டி!"

கல் புத்தகம்போல விரிந்து கிடந்தது. ஒரு பக்கம் முழு இலை, மறுபக்கம் அதன் பதிவு. கொஞ்சமும் நசுங்கவில்லை. அடியிலிருந்து நுனிவரை ஒவ்வொரு சிற்றிலையிலும் அந்தக் காது மடல். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அழுகிறேனா சிரிக்கிறேனா என்று அவளுக்குப் புரியவில்லை.

பிறகு அளப்பதும் வரைவதும் மற்ற இனங்களோடு ஒப்பிடுவதுமாக ஒரு வருடம் போனது. அந்த ஆய்வாளர் லென்ஸ் வைத்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது வேறதாம்மா. எழுதி அனுப்பு" என்றார். இனத்துக்கு மேபல் பெயரையே லத்தீன் முறைப்படி வைத்தேன்: மேபலியே.

போகிறவர்களுக்கு: இப்போது தாம்பரத்திலிருந்து பஸ்ஸிலேயே போகலாம். மழைக்காலத்துக்கு முன்பே போய்விடுங்கள், களிக்கல் ஊறினால் பிளக்க வராது. நிலத்துக்காரரிடம் கேட்காமல் கை வைக்காதீர்கள். கிடைத்ததைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, எந்த இடத்தில் எடுத்தது என்று அதன்மேலேயே எழுதிவிடுங்கள். கல் உடைந்தால் பதறாமல் இரண்டு பக்கத்தையும் பாருங்கள். துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள், துறை தெரியாதவராக இருந்தாலும் பரவாயில்லை.

போன மாதம் மேபலைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். வரவேற்பில் இருந்த பெண் வயதைக் கேட்டாள். மேபல் என்னைக் காட்டி, "இவளைக் கேளு. கோடிக் கணக்கில் சொல்லுவா" என்றாள்.